பழைய புல்லட்டின் கார்புரேட்டர்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய 350 சிசி புல்லட்டில் எது கெட்டாலும் முதலில் பழி விழுவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் மேல்தான். என் வண்டியிலும் நண்பர்களின் வண்டிகளிலும் இந்தப் பழுதுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. ஓடித் தேய்ந்துபோன கார்புரேட்டர்களைவிட, தேவையில்லாமல் கழற்றிக் கெடுக்கப்பட்ட கார்புரேட்டர்களே அதிகம். ஆகையால் ஒவ்வோர் அறிகுறிக்கும், கழற்றாமலே பார்க்கக்கூடியதை முதலிலும், செலவு வைக்கக்கூடியதைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

புல்லட்டில் தொடக்கத்தில் அமல் மோனோபிளாக், பிறகு வில்லியர்ஸ், அதன்பின் மறைமலை நகரில் யுகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியுடன் கூடித் தயாரித்த மிக்கார்ப் என்று கார்புரேட்டர்கள் மாறி வந்திருக்கின்றன. இங்கே சொல்வது பெரும்பாலும் மிக்கார்ப் வி.எம். 24 என்ற வகைக்கு உரியது. அமலுக்கு வேறுபடும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

## திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, அதன் நுனியை ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு, டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். பெட்ரோல் நூல் பிடித்ததுபோல் சீராக விழ வேண்டும். முதலில் நன்றாக வந்து பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியைத் திறந்ததும் ஓட்டம் சரியானால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். அதை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாலே வேலை முடிந்துவிடும். மூடியைத் திறந்தும் குறைவாகவே வந்தால் டேப்பின் வலை அடைத்திருக்கிறது. பாட்டிலின் அடியில் செம்மண் நிறத்தில் துரு படிந்தால் பழுது டாங்கில் இருக்கிறது. கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் அது திரும்ப வரும்.

அடுத்து ஏர் ஃபில்டர், அதன்பின் பிளக்கில் பொறி வருவதற்காக மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் கான்டாக்ட் பாயின்ட். பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பாயின்ட் கருகி ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை முறுக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிற்காமல் போன வண்டியில் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றி மாட்டியவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அருகில் விளக்கோ அடுப்போ ஊதுவத்தியோ எரியக் கூடாது. ஸ்க்ரூவின் தலைக்கு முழுமையாகப் பொருந்தும் டிரைவர், விளிம்புள்ள எவர்சில்வர் தட்டு, தூண்டில் நைலான் நரம்பு, சைக்கிள் பம்ப், புதிய கிண்ணப் பேக்கிங் ஆகியவை போதும். ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: நின்ற வண்டியில் பெட்ரோல் சொட்டுகிறது

எங்கிருந்து சொட்டுகிறது என்று உறுதிசெய்யாமல் எதையும் கழற்றக் கூடாது. கார்புரேட்டரின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிதாகத் தூவி, டேப்பைத் திறந்து வைத்தால், ஈரம் எந்த இடத்தில் முதலில் தெரிகிறதோ அங்கிருந்துதான் கசிவு தொடங்குகிறது.

### ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து சொட்டினால்

கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கும்; பெட்ரோல் ஏறும்போது அது ஓர் ஊசியைத் தூக்கி, இருக்கை எனப்படும் துளையில் அழுத்திப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். மிக எளிய காரணம் இந்த மிதவை ஊசியின் இருக்கையில் சிக்கிய ஒரு துகள். டேப்பை மூடி, கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை வடித்துவிட்டு, ஸ்க்ரூ திறந்திருக்கும்போதே டேப்பைச் சில விநாடிகள் திறந்தால், வரும் ஓட்டமே துகளை அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு ஸ்க்ரூவை மூடி, கிண்ணத்தின் பக்கத்தில் டிரைவரின் கைப்பிடியால் இரண்டு முறை மெதுவாகத் தட்டுங்கள். பாதி வண்டிகளில் கசிவு இங்கேயே நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால் கிண்ணத்தைக் கழற்றி மிதவை ஊசியை எடுத்து, வெயிலில் பிடித்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். கூம்பான முனையைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் ஒரு பள்ளம் தெரிந்தால் அந்த ஊசியின் காலம் முடிந்தது. உப்புத்தாளால் தேய்த்து அந்தப் பள்ளத்தை மறைக்க முடியும். கசிவை நிறுத்த முடியாது. இருக்கை தனியே கழலக்கூடிய வகையானால் ஊசியையும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய இருக்கையில் புதிய ஊசி சில வாரங்கள் தாங்கும், பிறகு மறுபடி சொட்டும். முனையில் ரப்பர் உள்ள ஊசியானால் அது ஊதியோ இறுகியோ இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தையும் 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டிய பிறகு, அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் பாகங்களை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊசி நன்றாக இருந்தால் மிதவையைப் பார்க்க வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்கிறதா? பிளாஸ்டிக் மிதவையானால் மாற்றிவிடுங்கள். பித்தளை மிதவையானால் காப்பாற்றலாம். கை பொறுக்கும் அளவைவிடச் சற்றே சூடான நீரில், எரியும் அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, மிதவையை முக்கினால், ஓட்டை உள்ள இடத்திலிருந்து முத்து முத்தாகக் குமிழி வரும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பெட்ரோல் முழுவதையும் வெளியேற்றி, இரண்டு நாள் திறந்த வெளியில் காயவிட்டு, வாசனை அறவே போன பிறகுதான் ஈயம் வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி உள்ளே இருக்கும்போது சூடு வைப்பது வெடிகுண்டுக்குத் திரி வைப்பதற்குச் சமம். வைக்கும் ஈயமும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு பொட்டு அதிகமானாலும் மிதவை கனத்துத் தாழ்வாக மிதக்கும், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறும், அப்போது நீங்கள் நிறுத்த முயன்ற அதே கசிவு வேறு வழியாகத் திரும்பிவிடும்.

அதன்பின் மிதவையின் உயரம். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் நாக்கு ஊசியை அழுத்தாமல் தொட்டு நிற்கும் நிலையில், மிதவையின் கை கிண்ணம் பொருந்தும் முகத்துக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். நாக்கை வளைக்க நேர்ந்தால் மயிரிழை அளவுக்கு வளைத்து மறுபடி அளக்க வேண்டும். கடைசியாக, தலைகீழாகவே வைத்து, பெட்ரோல் வரும் முனையில் சுத்தமான குழாயை மாட்டி வாயால் மெதுவாக ஊதுங்கள். காற்று போகவில்லை என்றால் ஊசி அடைக்கிறது. இந்தச் சோதனைக்குப் பஞ்சர் கடைக் காற்றைப் பயன்படுத்தக் கூடாது.

செலவு மிகுந்த காரணம்: மிதவையைத் தாங்கும் இரண்டு தூண்களில் ஒன்று உடைந்திருப்பது. இது தானாக உடைவதில்லை. மிதவைப் பின்னின் ஒரு முனையில் தலை இருக்கும். மறுமுனையிலிருந்து தள்ளித் தலையிருக்கும் பக்கமாகவே அதை வெளியே எடுக்க வேண்டும். அதைத் தலைப் பக்கத்திலிருந்து ஆணி வைத்துத் தட்டுகிறவர்கள் தூணைத் தட்டி உடைக்கிறார்கள். உடைந்த தூணைப் பசை வைத்து ஒட்டினால் பெட்ரோலில் அது எப்போது கழலும் என்று சொல்ல முடியாது. இந்த நிலையில் கார்புரேட்டரின் உடம்பையே மாற்றுவதுதான் சரி.

### கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கசிந்தால்

பேக்கிங்கை மாற்றி, நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எஞ்சினுக்குப் பயன்படுத்தும் சிலிக்கான் பசையை இங்கே தடவக் கூடாது. அது பெட்ரோலில் ஊறிப் பிசிறாகப் பிரிந்து நேராக ஜெட்டுக்குள் போய் உட்காரும்.

கசிவு எந்த வகையானாலும், ஆயில் டாங்கின் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால், பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயிலை மாற்றாமல் கிக்கரை உதைக்கவே வேண்டாம்.

## அறிகுறி 2: ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை

வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஆறிய எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கின் நெம்புகோலை உயர்த்தும்போது அதனடியில் இருக்கும் சிறிய பிளஞ்சர் உண்மையிலேயே மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அமலில் சோக் வேலையைச் செய்வது மிதவையை அழுத்திப் பெட்ரோலை வழியவிடும் டிக்லர் பொத்தான். அதை அழுத்தியும் பெட்ரோல் கசிந்து வரவில்லை என்றால் மிதவை அறைக்குள் பெட்ரோல் சேரவில்லை. இவை இரண்டும் சரியானால் மீதமிருப்பது பைலட் ஜெட், அதாவது ஐடிலிங்குக்கான பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகு. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். இத்தனைக்கும் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 3: ஐடிலிங் சரியில்லை

### சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது

பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. ஆறு மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் இது ஏறக்குறைய நிச்சயம். ஜெட்டைக் கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்தால் துளை முழு வட்டமாக ஒளிர வேண்டும். பெட்ரோலில் ஊறவைத்து, தூண்டில் நரம்பை நுழைத்து, பம்ப்பால் ஊத வேண்டும். கம்பியை மட்டும் நுழைக்காதீர்கள். நான் வாங்கிய ஒரு வண்டி, ஐடிலிங்கில் நிற்கும்போதெல்லாம் பிளக்கைக் கரியாக்கிக்கொண்டே இருந்தது. பைலட் ஜெட்டை எடுத்துப் பார்த்தபோது, முன்பு அதைப் பழுதுபார்த்த ஒரு பட்டறையில் கிளட்ச் கேபிளின் இழை ஒன்றை உள்ளே விட்டுக் குடைந்திருந்தது தெரிந்தது. துளையின் ஒரு பக்கம் மட்டும் கண்ணீர்த் துளிபோல் நீண்டிருந்தது. எண் 25 என்றே பொறித்திருந்தது. ஆனால் அது 25 ஆக இருந்து எத்தனையோ நாளாயிற்று. அதே எண்ணில் புதியதைப் போட்டதும் கரி நின்றது.

உடம்பையும் ஜெட்டையும் பளபளப்பாக்க வேண்டும் என்று குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள். துத்தநாகம் கலந்த வார்ப்பை அமிலம் அரித்து மேற்பரப்பைச் சல்லடையாக்கிவிடும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ போதும். கார்புரேட்டர் கிளீனர் அடிப்பதானால் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும்.

### ஏர் ஸ்க்ரூவைத் திருப்பியும் எந்த மாற்றமும் இல்லை

ஐடிலிங்குக்கான காற்றை அளவிடும் இந்த ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு வெளியே எடுத்து முனையைப் பாருங்கள். முட்டிய பிறகும் இறுக்கியவர்களின் கையில் அந்த ஊசிமுனை வளைந்தோ, மோதிரப் பள்ளம் விழுந்தோ, ஒடிந்தோ போயிருக்கும். வளைந்ததானால் மாற்றினால் போதும். ஒடிந்த முனை துளைக்குள்ளேயே சிக்கியிருந்தால் அதை வீட்டில் டிரில் போட்டு எடுக்க முயல வேண்டாம்; மென்மையான உடம்பில் டிரில் ஒரு பக்கமாக ஓடிவிடும். நல்ல ஸ்க்ரூவானால், முட்டிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கி, எஞ்சின் சூடான பிறகு கால் சுற்றாக மாற்றி, எஞ்சின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். இந்தக் கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் கலவை கூடும், வெளியே திருப்பினால் குறையும்.

### ஐடிலிங் ஏறி நிற்கிறது, ஆக்சிலரேட்டரை விட்டாலும் இறங்கத் தயங்குகிறது

எங்கோ காற்று புகுகிறது. எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது, கார்புரேட்டரும் அதை எஞ்சினோடு இணைக்கும் குழாயான மேனிஃபோல்டும் சேரும் இடத்தைச் சுற்றி விரலால் கெட்டியாக கிரீஸ் தடவுங்கள். தடவிய உடனே ஐடிலிங் இறங்கினால் இடம் தெரிந்துவிட்டது. ரப்பர் மேனிஃபோல்டானால் அதைக் கழற்றி விரலால் மடக்கிப் பாருங்கள். நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்பு மடக்கும்போது வாயைத் திறக்கும்.

இரண்டு போல்ட்டில் எஞ்சினோடு பொருந்தும் தட்டையான முகம், அதாவது ஃபிளாஞ்ச், உள்ள கார்புரேட்டரானால் விஷயம் வேறு. கசிவைக் கண்டவர்கள் நட்டை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க ஃபிளாஞ்சின் இரண்டு காதுகளும் எஞ்சின் பக்கமாக வளைந்து, நடுப்பகுதி விலகி நிற்கும், கசிவு கூடும், மறுபடி இறுக்குவார்கள். அமல் மோனோபிளாக்கில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் சேதம். எஃகு ஸ்கேலின் விளிம்பை ஃபிளாஞ்சின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் பிறை வடிவில் ஒளிக்கீற்று தெரியும். அந்த இடைவெளிக்குள் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு நுழைந்தால் சமப்படுத்த வேண்டும்.

இதை வீட்டிலேயே செய்யலாம், பொறுமை மட்டும் வேண்டும். தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் 400 எண் நீர் உப்புத்தாளை விரித்து, இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஃபிளாஞ்சின் முகத்தில் மார்க்கர் பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தூள் போகாமல் எல்லாத் துளைகளையும் துணியால் அடைத்து, எட்டு வடிவில் பத்து முறை தேய்த்துத் திருப்பிப் பார்த்தால், காதுகளில் கோடு அழிந்து நடுவில் அப்படியே இருக்கும். அழுத்தாமல் தொடர்ந்து தேய்க்கத் தேய்க்க அழிந்த பகுதி நடுவை நோக்கி வளரும். கடைசிக் கோடு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஓ ரிங் உட்காரும் பள்ளம் ஃபிளாஞ்சில் இருந்தால், தேய்த்த அளவுக்கு அந்தப் பள்ளத்தின் ஆழம் குறைந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ரிங் மிகவும் வெளியே நின்றால் நட்டு இறுகும்போது காதுகள் மீண்டும் வளையும். பள்ளத்தை ஆழப்படுத்துவது லேத் பட்டறையின் வேலை.

ஃபிளாஞ்ச் சமமாக இருந்தும், ஐடிலிங் நாளுக்கு ஒரு மாதிரியாக இருந்தால், ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது ஏறி இறங்கும் ஸ்லைடு தேய்ந்திருக்கலாம். ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்து விரலை விட்டு, மூடிய ஸ்லைடை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று தெளிவாக அடித்தால் தேய்மானம் உறுதி. முதலில் ஸ்லைடை மட்டும் மாற்றிப் பாருங்கள். புதிய ஸ்லைடும் ஆடினால் தேய்ந்தது உடம்பின் துளை. அதைக் குடைந்து ஸ்லைடுக்கு உறை போடும் கைத்தேர்ந்தவர்கள் உண்டு. அமலுக்கு அந்தச் செலவு தகும். மிக்கார்ப்புக்குப் புதியதையே வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

## அறிகுறி 4: ஆக்சிலரேட்டர் ஒட்டிக்கொள்கிறது

இந்த அறிகுறி இருக்கும்வரை வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது. ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பும்போது ஐடிலிங் ஏறினால் குற்றம் கேபிளின் போக்கில். கேபிளைக் கழற்றி ஸ்லைடை விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். சொந்த எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். கீறல் இருந்தால் ஸ்லைடில் எழும்பி நிற்கும் இடத்தை மட்டும் 1000 எண் உப்புத்தாளால் தொட்டு எடுக்கலாம். துளையின் உட்சுவரைத் தேய்க்கக் கூடாது. ஸ்லைடு கழற்றி வைத்திருக்கும்போது எளிதாகவும், கார்புரேட்டரைப் பொருத்தி இறுக்கிய பிறகு இறுக்கமாகவும் ஓடினால், மேலே சொன்ன ஃபிளாஞ்ச் வளைவோ அளவுக்கு மீறி இறுக்கிய கிளாம்ப்போ உடம்பையே நெரிக்கிறது. மாட்டும்போது ஸ்லைடின் வெட்டுப் பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 5: கரும்புகை வருகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது

ஃபில்டரைப் பார்த்தாகிவிட்டது என்றால் சோக் பிளஞ்சரைப் பாருங்கள். அதன் அடி ரப்பரில் பள்ளம் விழுந்தால், நெம்புகோல் கீழே இருந்தாலும் சோக் எப்போதும் சிறிது திறந்தே இருக்கும். பலரும் ஜெட்டை மாற்றி மாற்றி அலுத்த பிறகுதான் இதைப் பார்க்கிறார்கள். அடுத்து, ஸ்லைடில் தொங்கியபடி நீடில் ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் நீடிலின் கிளிப் நடுப் பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த இடத்தில் புகைக்கிறது என்பது தெரிய, கைப்பிடியில் ஒட்டுநாடாவைச் சுற்றிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கால் வரை மட்டும் புகைத்தால் பைலட் பகுதி. காலுக்கும் முக்காலுக்கும் இடையே புகைத்தால் நீடிலும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல், முழு வேகத்துக்கான பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட். பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் நடுப் பகுதியில் புகைப்பதற்குக் காரணம், நீடில் உரசி உரசி நீடில் ஜெட்டின் துளை நீள்வட்டமானதுதான். கண்ணுக்கு அது எளிதில் தெரியாது. நீடிலில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான கோடு தெரிந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். மெயின் ஜெட்டைச் சின்னதாக்கி இந்தப் புகையைக் குறைக்கப் பார்ப்பவர்கள், முழு வேகத்தில் எஞ்சினைச் சூடாக்கிப் பிஸ்டனைப் பிடிக்க வைப்பார்கள்.

## அறிகுறி 6: வேகத்தில் போகும்போது இருமி அணைகிறது

பத்து நிமிடம் கழித்து உதைத்தால் மறுபடி ஓடுகிறது என்றால், தொடக்கத்தில் சொன்ன டாங்க் மூடி, டேப் வலை ஆகியவற்றைத் தவிர வேறு காரணம் அரிது. உடனே உதைத்தாலும் மெதுவான வேகத்தில் நன்றாக ஓடி, கைப்பிடியை முழுவதும் முறுக்கும்போது மட்டும் திணறினால் மெயின் ஜெட்டில் தூசு இருக்கிறது. மழைக்காலத்தில் கிண்ணத்தின் அடியில் சேரும் தண்ணீரும் இதையே செய்யும். வடித்த பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாக உருண்டு நிற்பது தெரியும்.

## அறிகுறி 7: ஸ்க்ரூ சுழல்கிறது, இறுகவில்லை; அல்லது தலை மழுங்கிக் கழலவில்லை

மரை போன துளையில் டெஃப்லான் நாடா சுற்றுவதும், அடுத்த அளவு ஸ்க்ரூவை வலிந்து ஏற்றுவதும் ஒரு வாரத்துக்கான தீர்வுகள். கிண்ணத்தின் ஸ்க்ரூ துளையானால், லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையைப் போட்டுக்கொண்டால் பழைய அளவு ஸ்க்ரூவே மீண்டும் இறுகும். ஜெட் உட்காரும் துளையில் மரை போனால் அந்த உடம்பை மாற்ற வேண்டும். ஜெட் நேராக உட்காராவிட்டால் வேறெதுவும் சரியாக வராது. மழுங்கிய தலைக்கு, டிரைவரை நேராக வைத்துச் சுத்தியலால் ஓர் அடி கொடுத்துத் திருப்பிப் பாருங்கள். அசையாவிட்டால் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு காத்திருங்கள். பித்தளை ஜெட்டின் வெட்டு உடைந்து உள்ளேயே சிக்கிக்கொண்டால், இரண்டாவது முயற்சியை நீங்கள் செய்யாமல் கார்புரேட்டரை அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோனால், பழுதுபார்ப்பவருக்குப் பிடித்துத் திருப்ப ஏதாவது மிஞ்சியிருக்கும்.

சென்னையில் இருப்பவர்கள் பழைய உடம்புக்குப் புதுப்பேட்டையிலும், புதிய ஜெட், ஊசி, பேக்கிங் ஆகியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடலாம். பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோய், மரையும் நீளமும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

## திரும்ப மாட்டிய பிறகு

கிக்கரை உதைப்பதற்கு முன், கார்புரேட்டருக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து, டேப்பைத் திறந்து பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். தாள் உலர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து, சூடானதும் ஏர் ஸ்க்ரூவையும் ஐடிலிங் ஸ்க்ரூவையும் சரிப்படுத்தலாம். தாளில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் டேப்பை மூடிவிட்டு முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.